செவலை சொன்ன ரீடிங்



ஒரு உண்மையை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டு லேபில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் பயிற்சியை நான் செய்யவே இல்லை. எங்கள் பேட்ச்சில் ஒருவன் மெக்கரைச் சுற்றினான். இன்னொருவன் ரீடிங் எழுதினான். நான் சீனியர் அண்ணன் ஒருவருடைய பழைய ரெக்கார்டைப் பார்த்து, கட்டம் போட்டு, கலர் பென்சிலில் படம் வரைந்து, கையெழுத்து வாங்கிவிட்டேன். வைவாவில் "எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். "ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் சார்" என்றேன். பத்துக்கு ஒன்பது மார்க்!

அந்த ஒன்பது மார்க்கின் லட்சணத்தை எனக்குப் புரிய வைத்தது ஒரு பசுமாடு. அன்னூர்ப் பக்கம் எங்கள் அம்மிச்சி வளர்க்கும் மாடு. பெயர் செவலை. சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

அம்மிச்சி தனியாக இருக்கிறது. முன்பக்கம் ஓட்டு வீடு, பின்பக்கம் பிறகு கட்டிய ஒரு தார்சு அறை, அதையொட்டி மாட்டுக் கட்டுத்தரை. செவலையும் அதன் கன்றும்தான் துணை. வெடியால ஐந்து மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதில் வரும் காசுதான் அம்மிச்சியின் வருமானம்.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி போன் வந்தது.

"கண்ணு, கரண்டு நிக்கவே மாட்டீங்குது. மழ தூறுனாப் போதும், அந்த டப்பா டப்புனு விழுந்துருது. வெடிஞ்சு வெயில் வந்தா நல்லா நிக்குது."

டப்பா என்று அம்மிச்சி சொன்னது ஆர்.சி.சி.பி.யை. பின் அறை கட்டும்போது போட்டது. 30 மில்லி ஆம்பியர். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டும் ஒன்றாக இருக்கும் வரை அது சும்மா இருக்கும். போனது ஒன்று, வந்தது ஒன்று என்று கணக்கு உதைத்தால், மிச்சம் எங்கேயோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே விழுந்துவிடும்.

"பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அந்த டப்பாவைக் கழட்டீட்டு நேரா குடுத்தர்றேங்கறான். செய்யச் சொல்லட்டுமா சாமி?" என்றது அம்மிச்சி.

நண்பர்களே, அப்போது ஹாஸ்டல் டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நாலு ஓவர். இ.இ.இ. இறுதியாண்டு படிக்கும் நான் சொன்ன பதில் இதுதான்: "சரிங் அம்மிச்சி. ரெண்டு நாளைக்குத்தான? சனிக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன்."

நல்ல வேளை, அந்த அண்ணனுக்குத் தேங்காய் லோடு வேலை வந்துவிட்டது. இரண்டு நாளும் அவர் வரவில்லை. அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சனிக்கிழமை. டிபார்ட்மெண்டில் எழுதிக் கொடுத்து, கைப்பிடி போட்ட 500 வோல்ட் மெக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கோயமுத்தூர்க்காரர்களுக்கு மெக்கர் புதிதில்லை. 1932-ல் பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து மலை மேலிருந்து கரண்டு கீழே இறங்கிய பிறகுதான் நம் ஊர் மில்களும் மோட்டார் பம்புகளும் பெருகின. இன்றைக்கும் எந்தக் காயில் கட்டும் கடைக்குப் போனாலும் "மெக்கர் போட்டுப் பாத்தாச்சா?" என்ற பேச்சு காதில் விழும். உண்மையில் மெக்கர் என்பது ஒரு இங்கிலாந்து கம்பெனி 1903-ல் பதிவு செய்த வியாபாரப் பெயர். நம் வாயில் அது கருவியின் பெயராகவே ஆகிவிட்டது. தோளில் அதை மாட்டிக்கொண்டு நான் ஊருக்குள் நடந்த நடை இருக்கிறதே, சீஃப் இன்ஜினியர் தோற்றுப்போவார்!

நல்ல வெயில். மெயினையும் ஆர்.சி.சி.பி.யையும் ஆஃப் செய்து, டெஸ்டரில் சப்ளை இல்லை என்று பார்த்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ், டி.வி., கிரைண்டர் பிளக்குகளைப் பிடுங்கினேன். சுவிட்சுகளை எல்லாம் ஆன் செய்தேன். ஆர்.சி.சி.பி.யின் அவுட்கோயிங் பக்கம் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி மெக்கரின் ஒரு முனையில் கொடுத்தேன். மறுமுனை எர்த்துக்கு. (ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்தால் எல்.ஈ.டி. பல்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் காலி. அதனால்தான் இரண்டையும் சேர்த்து முறுக்குகிறோம்.) நிமிடத்துக்கு 160 சுற்று வேகத்தில் கைப்பிடியைச் சுற்றினேன்.

முள் 0.1 மெகா ஓமுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சுற்றச் சுற்ற அங்கேயே நின்றது.

எவ்வளவு இருக்க வேண்டும்? நம் புத்தகக் கணக்குப்படி 50-ஐ பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அம்மிச்சி வீட்டில் 20 பாயிண்ட். 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5 மெகா ஓம். ஆனாலும் மொத்த வீட்டுக்கும் 1 மெகா ஓமுக்கு மேல் கட்டாயமில்லை. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் 500 வோல்ட், ஒரு நிமிடம், குறைந்தது 1 மெகா ஓம் என்றுதான் சொன்னார்கள். இங்கே இருப்பதோ அதில் பத்தில் ஒரு பங்கு.

எந்த சர்க்யூட் என்று கண்டுபிடிக்க வேண்டும். டி.பி.யில் ஐந்து எம்.சி.பி. ஒவ்வொன்றாக ஆஃப் செய்து செய்து சுற்றினேன். முள் ஒரு நூல்கூட நகரவில்லை. ஐந்தையும் ஒன்றாக ஆஃப் செய்தேன். அப்போதும் அதே 0.1!

எனக்கு வேர்த்துவிட்டது. அம்மிச்சி வாசப்படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்:

"அம்மிச்சி, ஒரு லைன்ல மட்டும் பழுது இல்லீங்க. வயரிங்கே மொத்தமாப் போச்சு. அந்தக் காலத்துல வயர்மேன் மாமா இழுத்தது. எல்லாத்தையும் உருவிப்போட்டுப் புதுசா செய்யோணும். எப்படியும் நாப்பதாயிரம் ஆகும்."

அம்மிச்சி எதுவும் கேட்கவில்லை. "நீ படிச்சவன், சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

அடுத்த நாள் காலை நான் எழுந்து வந்தபோது மாட்டுத் தரகர் ஒருவர் கட்டுத்தரையில் நின்று செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மிச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றது. விஷயம் புரிந்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. ரெக்கார்டில் தப்பாக ரீடிங் எழுதினால் ஒரு மார்க் போகும். இங்கே ஒரு கிழவியின் பிழைப்பே போகப் போகிறது!

"செத்த பொறுங்க அம்மிச்சி. வயர்மேன் மாமாவை ஒருக்கா கேட்டுட்டு வந்தர்றேன்" என்று சைக்கிளை எடுத்தேன்.

வயர்மேன் மாமா எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஊருக்கே மாமா. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அம்மிச்சி வீட்டுக்கு முதன்முதலில் லைன் இழுத்தவர் அவர்தான். அவர் வேலையைத்தான் நான் மொத்தமாகப் போச்சு என்று சொல்லியிருந்தேன். அது அவர் காதுக்கும் போயிருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஸ்க்ரூடிரைவரை அங்கராக்குப் பையில் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

நான் செய்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நியூட்ரலக் கழட்டுனியா மாப்ளே?"

"எம்.சி.பி. அஞ்சும் ஆஃப் பண்ணீட்டனுங் மாமா."

"அது ஃபேஸைத்தான அறுக்கும்? நியூட்ரல் அஞ்சும் ஒரே கட்டையிலதான கெடக்குது. ஒரே திண்ணையில அண்ணந்தம்பி அஞ்சு பேரு உக்காந்திருக்கறாங்க. ஒருத்தன் திருடன். எவன்னு எப்படிக் கண்டுபுடிப்ப? ஒவ்வொருத்தனா எழுப்பி வெளிய அனுப்பிப் பாரு."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. ஆமாம்! சிங்கிள் போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எல்லாம் நியூட்ரல் லிங்க்கில் ஒன்றாகச் சேர்ந்துதான் இருக்கும். நான் ஃபேஸையும் நியூட்ரலையும் முறுக்கிச் சுற்றியதால், எம்.சி.பி.யை ஆஃப் செய்தாலும் மெக்கரின் வோல்ட்டேஜ் நியூட்ரல் வழியாக எல்லா சர்க்யூட்டுக்கும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சுவிட்சுகள் ஆன் ஆக இருந்ததால் பல்பு, ஃபேன் காயில் வழியாக ஃபேஸ் வயருக்கும் போயிருக்கிறது. பிறகு முள் எப்படி நகரும்? மெக்கர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேள்வி கேட்டவன்தான் சரியாகக் கேட்கவில்லை.

நியூட்ரல் லிங்க்கில் இருந்து ஐந்து வயரையும் கழற்றி, எது எந்த சர்க்யூட் என்று துண்டுப் பேப்பர் ஒட்டினோம். ஒவ்வொரு சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் தனியாக முறுக்கிச் சுற்றினேன்.

முன் ரூம் லைட்: முள் 100-ஐத் தாண்டிப் போனது. சமையல் கட்டு: 50-க்கு மேல். கிரைண்டர் பிளக்: 100-க்கு மேல். திண்ணையும் வாசலும்: பழைய ஓட்டு வீட்டு வயரிங்தான், 20. நாலும் மாமா செய்தவை, நாலும் தேறிவிட்டன. ஐந்தாவது, பின் அறை. முள் சொத்தென்று 0.1-ல் விழுந்தது.

மாமா சிரித்தார். "பாத்தியா? நாலு புள்ள நல்ல புள்ள. ஒருத்தனுக்காக வீட்டையே இடிக்கறேன்னுட்டயே!"

அதற்குப் பிறகு அவர் மெக்கரைப் பார்க்கவில்லை. அம்மிச்சி பக்கம் திரும்பினார்.

"ஏனுங் அக்கா, மழ வந்தா கரண்டு போறது ஒன்னு. வேற என்னுங் மாறுது?"

அம்மிச்சி கொஞ்சம் யோசித்தது. "வேற ஒன்னுமில்லீங்... இந்தச் செவலைதான் பொழுதோட கட்டுத்தரைக்குள்ள வரமாட்டீங்குது. மழ நாள்ல இழுத்தாலும் நாலு காலையும் ஊனீட்டு நிக்குது. ஏதோ காத்து கருப்புன்னு போன வாரந்தான் திருநீறு மந்திரிச்சுப் போட்டன்."

மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா முகத்தில் சந்தேகம். என் முகத்தில் பயம். ஏனென்றால் கட்டுத்தரை லைட்டுக்கு லைன் போட்டது அவரில்லை. நான்தான்.

முதலாண்டு லீவில் போட்டது. பின் அறை ஜங்ஷன் பாக்ஸில் இருந்து வயர் எடுத்து, நீளம் பத்தாமல், ஓட்டுச் சரிவுக்குக் கீழே ஒரு ஜாயிண்ட் அடித்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி, ஜி.ஐ. பைப் தூணில் கட்டி, ஒரு பல்பை மாட்டினேன். அன்றைக்கு அம்மிச்சிக்கு அவ்வளவு பெருமை. பால் சொசைட்டியில் எல்லாரிடமும் "எம்பேரன் போட்ட லைட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து கட்டுத்தரை வயரைப் பிரித்தோம். அறைப் பக்கம் அளந்தேன்: 100-க்கு மேல். கட்டுத்தரைப் பக்கம் அளந்தேன்: 0.1. இனித் தேட ஒன்றுமில்லை. ஏணி போட்டு ஏறினேன். ஓட்டு நுனியில் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே என் ஜாயிண்ட். இரண்டு கோடை வெயிலில் டேப்பின் பசை உருகி, சுருள் பிரிந்து நின்றது. உள்ளே எறும்பு மண் சேர்த்து வைத்திருந்தது. அந்த மண் மழையில் நனைந்து பைப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே அந்த ஈர மண்ணுக்குள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயிலில் 0.1 மெகா ஓம் என்றால், 230 வோல்ட்டுக்குக் கசிவு 2.3 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. கண்டுகொள்ளாது. மழையில் மண் ஊறி 0.01-க்கு இறங்கினால் 23 மில்லி ஆம்பியர். 30 என்று எழுதியிருக்கும் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அதனால்தான் ராத்திரி மழையில் விழுந்து, பகல் வெயிலில் நின்றது.

செவலை கதையும் இதில்தான் இருக்கிறது. கசிவு பைப் தூண் வழியாக இறங்கி ஈரத் தரையில் பரவும். தூணிலும் அதைச் சுற்றிய தரையிலும் சில வோல்ட் நிற்கும். செருப்புப் போட்ட நமக்கு அது தெரியாது. மாட்டுக்கு முன்னங்கால் ஒரு இடம், பின்னங்கால் ஒரு இடம். இரண்டுக்கும் நடுவே நீளம் அதிகம், குளம்பும் ஈரம். சில வோல்ட்டே அதற்கு உறைக்கும். நாங்கள் காத்து கருப்பு என்று நினைத்தோம். அந்த வாயில்லாச் சீவன் மெக்கர் இல்லாமலேயே ரீடிங் எடுத்து, தன் நாலு காலையும் ஊன்றிச் சொல்லியிருக்கிறது!

ஏணியில் நின்றபடியே நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்திருந்தால்? ஆர்.சி.சி.பி. இருக்காது. அடைமழை. ஜாயிண்ட் இன்னும் ஊறி, செப்புக் கம்பி நேராகப் பைப்பைத் தொட்டால்கூடக் கேட்க ஆளில்லை. மண் வழியாகப் போகும் கரண்டுக்கு எம்.சி.பி. விழும் என்று நம்ப முடியாது. வெடியால ஐந்து மணி இருட்டில், செருப்பில்லாத காலோடு, ஈரக் கையோடு, அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துதான் அம்மிச்சி பால் கறக்கும். அதற்கு "சரி" சொன்னவன் நான். கடைசி நாலு ஓவருக்காக.

ஏணியில் இருந்து இறங்கி மாமாவிடம் சொன்னேன்: "மாமா, இது நான் போட்ட ஜாயிண்டுங்."

"தெரியும் மாப்ளே. டேப்பைச் சுத்துன சுத்தைப் பாத்தாலே தெரியும்" என்றார். அப்புறம் என் தோளைத் தட்டி, "எங்கிட்ட இருக்கற டெஸ்ட் லாம்ப் இந்தப் பழுதைச் சொல்லாது. ஒரு லட்சம் ஓமுக்கு அது எங்க எரியப் போகுது? உன்ற மெஷின் சொல்லீருச்சு. ஆனா எங்க வெச்சுக் கேக்கோணும்னு மெஷினுக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியோணும்" என்றார். மூன்று வருட டிப்ளமோவில் இப்படி ஒரு வைவாவை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே பழைய லைனைக் கழற்றி எறிந்தோம். ஜங்ஷன் பாக்ஸில் இருந்து பல்பு வரைக்கும் நடுவில் ஜாயிண்டே இல்லாமல் ஒரே நீள வயர். பி.வி.சி. பைப்புக்குள் போட்டு, ஓட்டுத் தண்ணீர் படாத பக்கமாகக் கொண்டுபோனோம். தண்ணீர் புகாத பாக்ஸ் வைத்தோம். தூணுக்கும் எர்த் வயர் கொடுத்தோம். ஐந்து நியூட்ரலையும் திரும்ப மாட்டி மொத்த வீட்டையும் அளந்தேன். 10 மெகா ஓம். செலவு எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். நான் சொன்ன நாற்பதாயிரம் எங்கே, இது எங்கே? மாமா கூலி வாங்கவில்லை. ஒரு சொம்பு மோர் மட்டும் குடித்தார். தரகர் வெறுங்கையோடு போனார்.

நண்பர்களே, நாளைக்கு நீங்களும் ஒரு வீட்டில் போய் நிற்பீர்கள். முள் கீழே கிடக்கும். வீட்டுக்காரர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்:

1. சப்ளை இல்லை என்று டெஸ்டரில் பார்க்காமல் மெக்கரைத் தொடாதீர்கள். சுற்றும்போது யாரும் வயரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பிளக்கில் இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு அளங்கள். கெட்டது வயரா, சாமானா என்று முதலில் பிரியுங்கள்.

3. எம்.சி.பி.யை ஆஃப் செய்தால் சர்க்யூட் பிரிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். நியூட்ரலையும் கழற்றினால்தான் பிரிந்த கணக்கு.

4. பழுதான சர்க்யூட் தெரிந்ததும் நடுவில் ஒரு பாக்ஸைத் திறந்து இரண்டாகப் பிரியுங்கள். கெட்ட பாதியை மறுபடி பாதியாக்குங்கள். வீட்டையே உடைக்க வேண்டியதில்லை.

5. வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். எப்போது வருகிறது, எப்போது போகிறது, புதிதாக என்ன சேர்த்தார்கள் என்று. பாதிப் பழுதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

6. விழுகிற ஆர்.சி.சி.பி.யை யார் கழற்றச் சொன்னாலும் கழற்றாதீர்கள். அது கெட்டுப்போய் விழவில்லை. யாரையோ காப்பாற்ற விழுகிறது.

ஏழாவது ஒன்று உண்டு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். நம்மைப் படித்தவன் என்று நம்புகிறவர்கள், நாம் சொல்லும் நம்பருக்காக மாட்டை விற்கவும் தயாராக இருக்கிறார்கள்.

அடுத்த வாரமே நல்ல மழை. ராத்திரி எட்டு மணிக்கு நானே போன் செய்தேன்.

"டப்பா விழுந்துச்சுங்களா அம்மிச்சி?"

"அதெல்லாம் நிக்குது கண்ணு."

"செவலை?"

"அது அப்பவே உள்ள வந்து படுத்து அசை போட்டுட்டு இருக்குது. எம்பேரன் போட்ட லைட்டு வெளிச்சத்துல."

அந்த வருஷம் நான் வாங்கிய ரிசல்ட்டுகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.